ஒன்றரை அடி

பிற்பகல் மூன்று நாற்பது. சமையலறை அலமாரிக்கு மேலே எதுவோ புரண்டு படுத்தது.

சுகுணா கீழே கோரைப்பாயில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. தலைமாட்டில் இரண்டு தட்டுகள். ஒரு தட்டில் பத்து காய்ந்த காப்பிப் பழங்கள் வைத்திருந்தாள். குழந்தை அசையும் ஒவ்வொரு முறையும் ஒரு பழத்தை அடுத்த தட்டுக்கு மாற்றுவாள். ஆறு மாறியிருந்தது. ஏழாவதுக்காகக் காத்திருந்தாள்.

காய்ந்த காப்பிப் பழம் ஒன்றோடொன்று உரசும் சத்தம் அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். களத்தில் பலகையால் கிளறும்போது ஒரு சத்தம், சாக்கில் சரியும்போது ஒரு சத்தம், எலி ஓடினால் விட்டுவிட்டுக் கேட்கும் ஒரு சத்தம். இது அவற்றில் எதுவும் இல்லை. தூக்கத்தில் ஒருவர் மறுபக்கம் திரும்பும்போது படுக்கைக்கு வருகிற கனத்தின் சத்தம். ஒரு முனையில் மெதுவாகத் தொடங்கி, கொஞ்ச தூரம் நகர்ந்து, அடங்கியது. அதன் பிறகு இரண்டு பழங்கள் மட்டும் தனியாக உருண்டன.

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் கண்ணாடியை ஒட்டி நின்றது. சில்வர் ஓக் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஏழாவது அசைவு நாலரை வரை வரவில்லை.

அலமாரிக்கு மேலே அந்த இடமே இருந்திருக்கக் கூடாது. சேலத்து ஆசாரி கிறிஸ்டோ செய்த தப்பு அது. ஏற்காட்டு மலையில், தலைச்சோலையில் இருந்த பழைய ஓட்டுவீட்டைப் பிரித்து அதே இடத்தில் சுகுணாவின் கணவர் விஜயகுமார் கான்கிரீட் போட்டபோது சுவரின் உயரத்தைக் குறைக்கவில்லை. கிறிஸ்டோ சேலத்து வீடுகளின் அளவுக்கு அலமாரிகளைச் செய்து, வேனில் ஏற்றி வந்து, ஒரே நாளில் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். அலமாரியின் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒன்றரை அடி மிச்சம். நீளம் ஒன்பது அடி. பகலிலும் அங்கே வெளிச்சம் போகாது.

“அது டிசைனுங்கக்கா,” என்றான் கிறிஸ்டோ, போனில். “அங்க பித்தளக் கொடம் நாலு, ஊறுகா ஜாடி ரெண்டு வெச்சு, உள்ள ஒரு லைட்டக் குடுத்துட்டீங்கன்னா வர்றவங்க கண்ணு அங்கதான் நிக்கும்.”

“ஒட்டட அடிக்க யாரு வர்றது? சேலத்துல இருந்து நீ வருவியா தம்பி?”

“அப்ப பலக போட்டு மூடிர்லாங்கக்கா. மழ உடட்டும்.”

மழை விடவில்லை. கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்தும் ஆறு வாரமாக வெயில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ஏக்கர் காப்பியில் பழம் பறித்தாகிவிட்டது. களத்தில் தார்ப்பாய்க்குக் கீழே பழம் புளிக்க ஆரம்பித்தது. பழைய சமையலறையில் விறகடுப்புக்கு மேலே பரண் இருந்தது. மழைக்காலத்தில் காப்பியும் விதைச் சாமையும் அதில்தான் காயும். இப்போது பரணும் இல்லை, புகையும் இல்லை. கேஸ் அடுப்பின் சூடு மேலேதானே போகிறது என்று விஜயகுமார்தான் சொன்னார். அலமாரியின் தலைமேல் சாக்கை விரித்து, முன்னால் ஒரு மரச்சட்டத்தை அடித்து, கூடை கூடையாகப் பழத்தை ஏற்றிப் பரப்பினார். கீழே இருந்து பார்த்தால் சட்டம் தெரியும். அதற்கு மேலே இருட்டு தெரியும். அதிலிருந்து எப்போதும் ஒரு வாசம் வந்தது. பாதி வெல்லம், பாதி ஈரச் சாக்கு.

பாயை அங்கேயே விரித்துப் படுப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் குளிர் ஏறாத ஒரே இடம் அதுதான்.

எண்ணச் சொன்னது மேகலா சிஸ்டர். ஸ்கூட்டரில் செம்மநத்தம், கரடியூர் என்று ஊர் ஊராகப் போகிற கிராம நர்ஸ்.

“மத்தியானம் சாப்புட்டுட்டு இடப்பக்கமா படு கண்ணு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள பத்து தடவ அசையோணும். தெனமும் எண்ணி எழுதி வெய்யி.”

“எழுதறதெல்லாம் எனக்கு வராதுங்க சிஸ்டர்.”

“வராட்டி எப்படியாச்சும் எண்ணு. நீ எண்ணோணும். தெரியுமல்ல?”

சுகுணாவுக்குத் தெரியும். முதல் குழந்தை மூன்றாம் மாதத்தில் போனது. இரண்டாவது எட்டாம் மாதத்தில், ஒரு வியாழக்கிழமை, அசைவதை நிறுத்தியது. அவளுக்கு அது வெள்ளிக்கிழமை மாலைதான் தெரிந்தது. எஸ்டேட்டில் பழம் பறிப்பு மும்முரமாக இருந்தது. நின்றுபோனதை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் செடிச் செடியாக நடந்திருக்கிறாள். அன்று பக்கத்து வரிசைக்காரி சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரிக்கக்கூடச் செய்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே இந்த முறை எண்ணினாள். எஸ்டேட்டில் பெண்கள் எண்ணுவது போலவே எண்ணினாள். கூடை நிரம்பும்போதெல்லாம் ஒரு பழத்தை மடியில் முடிந்துகொள்வார்கள். எஸ்டேட் ரைட்டர் கணக்கில் எழுதியதோடு மாலையில் சரிபார்ப்பார்கள். சரிபார்த்த பழத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள். திரும்பக் குவியலிலேயே சேர்த்துவிடுவார்கள். கை அப்படியே பழகியிருந்தது. பத்து அசைவு முடிந்ததும் சுகுணா எழுந்து, எண்ணிய பத்து பழங்களையும் உள்ளங்கையில் அள்ளி, அலமாரிக்கு மேலே வீசிவிடுவாள். அவை மற்றவற்றோடு விழுந்து கலக்கும்.

முப்பத்தோரு நாள் அப்படி வீசியிருந்தாள்.

நாலரைக்குப் பிறகு அடுத்தடுத்து நான்கு அசைவுகள் வந்தன. பத்தும் முடிந்ததும் அவள் பழங்களை வீசவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு, அலமாரிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். சட்டத்துக்கு மேலே கண் வந்தது. செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள்.

பழம் சமமாகப் பரவியிருந்தது, ஒரு இடத்தைத் தவிர. அங்கே ஒரு பள்ளம். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்த அளவு. சுற்றிலும் பழம் மேடாக ஒதுங்கியிருந்தது. பறித்த பள்ளம் இல்லை. கோழி அடைகிடந்து எழுந்துபோன கூடையைப் போல, வழவழப்பாக, அழுந்தி இருந்தது.

கையை வைத்தாள். சூடாக இருந்தது. அடுப்பை அணைத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

“வயித்த வெச்சுக்கிட்டு ஸ்டூல்ல ஏறுவாளா ஒருத்தி,” என்றார் விஜயகுமார், வேலையிலிருந்து வந்ததும். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். நனைந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏறிப் பார்த்தார். “மரநாயா இருக்கும். குளுருக்குப் படுத்துட்டுப் போயிருக்கு.”

“மரநாய்னா நாத்தம் வருமேங்க.”

“உங்கூட்டு மரநாய் குளிச்சுட்டு வந்துருக்கும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஜன்னல்களை இழுத்துப் பார்த்தார். எல்லாம் கொக்கி போட்டிருந்தது. கருவாட்டுத் துண்டு வைத்து ஒரு பொறியை மேலே ஏற்றினார்.

காலையில் பொறி அப்படியே இருந்தது. கருவாடும் இருந்தது. பள்ளம் கொஞ்சம் நீண்டிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு சிவசக்தி நான்கு ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். எஸ்டேட்டில் சுகுணாவோடு ஒரே வரிசையில் பழம் பறித்தவள்.

“மகாராணி படுத்தே கெடக்கறா. எத்தன எண்ணியாச்சு?”

“ரெண்டு.”

“ஒரு மணியில இருந்து ரெண்டா? உன்ற புள்ள அப்பனாட்டமே சோம்பேறி.” சிவசக்தி பாயில் உட்கார்ந்து வயிற்றின் மேல் கையை வைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. “தூங்கறான் கள்ளப்பய. டேய், அத்த வந்துருக்கறன்டா.”

மேலே பழம் சரிந்தது. மெதுவாக, நீளமாக.

சிவசக்தி நிமிர்ந்தாள். “என்னடி அது? பெருக்கான் எலி பூந்துருச்சா?”

“உனக்கும் கேக்குதா?”

“நானென்ன செவுடா?”

அவள் எழுந்து விளக்குமாற்றின் அடியால் அலமாரிப் பக்கப்பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மேலே சத்தம் சட்டென்று நின்றது.

அந்தக் கணமே சுகுணாவின் விலாவுக்குக் கீழே குழந்தை உதைத்தது. பலமான உதை. சேலைக்கு மேலேயே தெரிந்தது.

“பாத்தியா, எந்திரிச்சுட்டான்,” என்று சிவசக்தி சிரித்தாள். “அத்தைக்குப் பயப்படாட்டியும் வெளக்குமாத்துக்குப் பயப்படுவான்.”

சுகுணா சிரிக்கவில்லை. அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவசக்தி போன பிறகு திரும்பப் படுத்தாள். எண்ணுவதை விட்டுவிட்டுக் கேட்டாள். மேலே அசைந்தது. வயிற்றில் ஒன்றுமில்லை. மேலே அடங்கியது. வயிற்றில் ஒரு மெல்லிய தள்ளல், அப்புறம் ஒரு நெளிவு. மேலே திரும்பவும். வயிறு கல்லாய் இருந்தது. சாயங்காலம் விளக்குப் போடும்வரை அப்படியே கிடந்தாள். ஒருமுறைகூட இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அசையவில்லை.

வயிற்றில் அசையும் நேரம் சின்னதாக இருந்தது. மேலே அசையும் நேரம் பெரியதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை விஜயகுமார் மேலே ஏறினார். பழம் காய்ந்துவிட்டதா என்று ஒரு பிடி எடுத்துக் காதருகே குலுக்கினார். காய்ந்த பழத்துக்குள் கொட்டை தனியாகக் கழன்று சலசலக்கும். சலசலத்தது.

“நாளான்னைக்கு கிறிஸ்டோ பலகையோட வர்றான். அதுக்குள்ள இத மூட்ட கட்டிர்லாம்,” என்றார். களத்துப் பலகையை எடுத்து ஒரு கோடியிலிருந்து பழத்தைக் கூட்டி இழுத்தார்.

சுகுணா இட்லித்தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பலகை பள்ளத்தின் ஓரத்தைத் தொட்டது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சுருண்டு, பிடிக்க இடம் தேடி, உள்ளிருந்து அவளை இறுக்கிப் பற்றியது. தட்டு கீழே விழுந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவர் திரும்பவும் இழுத்தார். திரும்பவும் அது பற்றியது.

“நிறுத்துங்க.”

அவர் குதித்து இறங்கினார். “வலியா? ஜீப்ப எடுக்கட்டா?”

“இல்லீங்க. அத வாராதீங்க.”

“எத?”

“அங்க இருக்கறத.”

“அங்க காப்பி இருக்குது சுகுணா.”

வலி போய்விட்டது. பலகை நின்றதுமே போய்விட்டது. அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவருக்கும் இரண்டு முறை நடந்ததுதான். இரண்டாவதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். எங்கே புதைத்தார் என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

“வயித்துல இருக்கறது அங்க போயிட்டு வருதுங்க,” என்றாள். “போறது அதிகமாயிட்டே இருக்குது.”

அவர் பலகையைச் சுவரில் சாய்த்தார்.

“சரி. கிறிஸ்டோ வர்ற வரைக்கும் தொடல. ஆனா மூடிருவோம் புள்ள. மூடிட்டா உனக்கு இந்த நெனப்பே வராது.”

மூடினால் அது எந்தப் பக்கம் இருக்கும் என்று அவள் கேட்க நினைத்தாள். கீழே விழுந்த தட்டை எடுத்தாள்.

சனிக்கிழமை விடிந்தபோது வயிறு அசையவில்லை.

விஜயகுமார் ஐந்து மணிக்கே எஸ்டேட் சரக்கோடு சேலத்துக்கு இறங்கியிருந்தார். அவள் சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். குளிர்ந்த தண்ணீரைக் குடித்தாள். இடப்பக்கம் படுத்தாள், வலப்பக்கம் படுத்தாள். வயிற்றை விரல்களால் தட்டினாள். மேலே பழம் சாவகாசமாகப் புரண்டது.

ஸ்டூலில் ஏறினாள். பள்ளம் இப்போது அவள் முழங்கை நீளத்துக்கு இருந்தது. ஒரு முனை அகலமாக, வட்டமாக. மறுமுனை ஒடுங்கி இருந்தது.

தான் எண்ணிய பழங்களை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். முந்நூற்றுப் பத்து. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே சுருக்கம். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள். சலசலத்தது. அடுத்ததும் அப்படியே. பள்ளத்தின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்தாள். காதருகே கொண்டுபோனாள். குலுக்கும் முன்பே சலசலத்தது. கையை இறுக்கமாக, அசையாமல் பிடித்தாள். உள்ளே கொட்டை நிற்கவில்லை. விட்டுவிட்டு, சீராக, வேகமாக. அந்த வேகத்தை அவள் ஆஸ்பத்திரியில், வயிற்றில் கருவி வைத்தபோது கேட்டிருக்கிறாள்.

கீழே இறங்கி அதைத் தட்டில் வைத்தாள். அது நின்றுபோனது. குலுக்கினாள். வெறும் காப்பி.

ஓடி ஏறித் திரும்பப் பள்ளத்தில் போட்டாள். அதன் பிறகு எதையும் எடுக்கவில்லை.

மேகலா சிஸ்டர் இரண்டு மணிக்கு வந்தார். மழைக்கோட்டை வாசலில் உதறிவிட்டு, பாயில் உட்கார்ந்து, கையடக்க மெஷினை வயிற்றின் மேல் வைத்தார். இரைச்சல். கருவியை நகர்த்தினார். இரைச்சல். இன்னும் நகர்த்தினார். அவர் உதடுகள் இறுகின. அப்புறம் கேட்டது. மெல்லியதாக, துணி துவைக்கிற சத்தம் போல.

“இருக்கு. நூத்தி நாப்பது. நல்லாத்தான் இருக்கு.” ஆனால் அவர் கருவியை எடுக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். “என்னமோ தூரத்துல கேக்குது. பக்கத்து ரூம்புல ரேடியோ பாடறாப்புல.”

சுகுணா அவர் முகத்தையே பார்த்தாள்.

சிஸ்டர் மூக்கை உறிஞ்சினார். சுற்றிப் பார்த்தார். பார்வை அடுப்பு, ஜன்னல், அலமாரி என்று போய், சட்டத்துக்கு மேலே நின்றது.

“மேல என்ன வெச்சிருக்கற?”

“காப்பிங்க.”

“காப்பி வாசமில்ல கண்ணு இது.” அவர் யோசித்தார். “கொழந்த பொறந்த ஊட்டு வாசம் அடிக்குது. பச்ச ஒடம்பு வாசம். இருவது வருசமா மோந்துட்டு இருக்கறவ, எனக்குத் தெரியாதா.” சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாக இருந்தது. கருவியைத் துடைத்துப் பைக்குள் போட்டார். “அலைஞ்சு அலைஞ்சு மூக்கும் கெட்டுப்போச்சு போ. இங்க பாரு. துடிப்பு இருக்கு, ஆனா அசையல. இப்பவே சேலத்துக்குப் போயிர்லாமா? நூத்தியெட்டுக்குச் சொல்றேன்.”

“அவரு வந்தர்றாருங்க. வந்ததும் போறேன்.”

“எப்ப வருவாரு?”

“சாயங்காலம்.”

சிஸ்டருக்கு மனமில்லை. கரடியூரில் ஒரு பிரசவக்காரி காத்திருந்தாள். “ஆறு மணிக்கு நான் போன் பண்ணுவேன். அதுக்குள்ள அசையலீன்னா யாரையும் கேக்க மாட்டேன், வண்டிய அனுப்பிருவேன். நீ ஏறிப் போயிட்டே இருக்கோணும். செரியா?”

“சரிங்க.”

ஸ்கூட்டர் சத்தம் பனிமூட்டத்துக்குள் போய் மறைந்தது.

இருபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டி வந்தால் அவளை ஏற்றும். அவள் வயிற்றை ஏற்றும். மேலே இருப்பதை ஏற்றாது. காலையில் கிறிஸ்டோ பலகையோடு வருவான்.

நான்கு மணிக்கு விஜயகுமார் கூப்பிட்டார். மலைப்பாதையில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. வண்டி நகரவில்லை. “பயப்படாத. வந்தர்றேன்.” பின்னால் ஹாரன்கள் கேட்டன.

ஐந்து மணிக்குக் கரண்ட் போனது.

சமையலறை சாம்பல் நிறமானது. பிறகு அதுவும் குறைந்தது. அவள் பாயில் படுத்திருந்தாள். வயிறு அவள் மேல் வைத்த பாத்திரம் போல இருந்தது. தொட்டுப் பார்த்தாள். தோல் சில்லென்று இருந்தது.

மேலே சத்தம் மாறியிருந்தது. புரளும் சத்தம் இல்லை. பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும் சத்தம். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொள்வது போல.

அப்புறம் அமைதி.

அவள் மூச்சை நிறுத்தி வயிற்றைக் கேட்டாள். மேலே அடங்கினால் இங்கே வர வேண்டும். இதுவரை அப்படித்தான். வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வரவில்லை.

இரண்டு இடத்திலும் இல்லை.

எழுந்தாள். ஸ்டூல் எங்கே என்று கால்களால் தேடினாள். ஏறினாள். கைப்பிடி ஈரமாக இருந்தது. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போன் வெளிச்சத்தை அடித்தாள்.

பள்ளம் இல்லை.

அந்த இடத்தில் மேடு இருந்தது. எல்லாப் பழமும் ஒன்றரை அடி இருட்டின் நடுவே ஒரு சின்ன மேடாகக் கூடியிருந்தது. நீளவாக்கில். ஒரு முனை உருண்டையாக. சூடு முகத்தில் அடித்தது. அந்த வாசம் இப்போது அவளுக்கும் தெரிந்தது.

மேடு அசையவில்லை.

“கண்ணு,” என்றாள். திரும்பச் சொன்னாள். “கண்ணு. சாமி.”

கையை நீட்டி மேட்டின் மேல் வைத்தாள். விரல்களை விரித்து. தினமும் வயிற்றின் மேல் வைப்பது போலவே.

காத்திருந்தாள்.

உள்ளங்கைக்குக் கீழே பழங்கள் மெல்ல எழுந்தன. அடியிலிருந்து ஏதோ தள்ளியது. உருண்டையாக, கடினமாக, சின்னதாக. ஒரு குதிகால். அவள் கையை அழுத்தி, வழுக்கி, விலகியது.

ஒன்று.

திரும்பவும் வந்தது. இரண்டு. உடனே இன்னொன்று. மூன்று. அவள் அழுதுகொண்டிருந்தாள். நான்கு. இத்தனை பலமாக அது ஒருநாளும் உதைத்ததில்லை. ஐந்து. ஆறு. கீழே அவள் வயிறு அலமாரிக் கதவில் அழுந்தியிருந்தது. அங்கே ஒன்றுமில்லை. ஏழு. பழங்கள் சட்டத்தைத் தாண்டித் தரையில் ஒவ்வொன்றாக விழுந்தன. எட்டு. ஒன்பது.

கையில் இருந்த போன் அதிர்ந்தது. வெளிச்சம் ஆடியது. பழங்களுக்கு நடுவிலிருந்து ஈரமான எதுவோ அந்த வெளிச்சத்துக்குத் திரும்பியது.

கட்டைவிரல் தானாகப் பொத்தானைத் தொட்டது.

“சுகுணா, மணி ஆறு ஆச்சு. வண்டி ஏற்காட்டுலதான் நிக்குது, சொன்னா கெளம்பிரும்.” மேகலா சிஸ்டரின் குரல் அந்த இடுக்கின் நீளம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. அதைக் கேட்டு மேடு அசையாமல் நின்றது. அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது. “கண்ணு, லைன்ல இருக்கறயா? கொழந்த அசையுதா இல்லியா?”